பெரிய ரேடியேட்டர் வரிசையில் கடைசி: காரியாபட்டி வெயிலில் ஓர் ஐகான் 1.6

பழைய ஃபோர்டு ஐகான் 1.6-க்குக் கொஞ்சம் கூடுதல் பலம் ஏற்றியவர்கள், வண்டி சூடாகத் தொடங்கியதும் முதலில் விசாரிப்பது அலுமினிய ரேடியேட்டரைத்தான். இரண்டு வரிசைக் குழாய், வெல்டிங் செய்த பளபளக்கும் டேங்க், பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் அழகு. விருதுநகர் மாவட்டம் காரியாபட்டியில் ஓடும் ஓர் ஐகானில் அந்த ரேடியேட்டர் உட்பட, சூட்டைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும் சாமான்களை ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஓட்டிப் பார்த்தேன். நாம் ஓட்டும் விதத்துக்கு அந்த ரேடியேட்டர் வரிசையில் கடைசியாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை மலிவானவை, பார்வைக்குச் சாதாரணமானவை, ஆனால் பலன் தருபவை.

ஐகான் நம் மறைமலைநகரில் தயாரான கார். 1999-இல் வந்தது. 1597 சிசி ராக்கம் எஞ்சின், 92 குதிரைத்திறன், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். இதே எஞ்சின் குடும்பம் தென்னாப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் லட்சக்கணக்கான வண்டிகளில் ஓடியது. 2021-இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்த பிறகும் இந்த வண்டியை விடாமல் வைத்திருப்பவர்கள் தென் மாவட்டங்களில் நிறைய. நான் ஓட்டிப் பார்த்த வண்டியில் ஹெட் போர்ட்டிங், ஹெடர், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், பெரிய ஏர் ஃபில்டர், அகலமான டயர் எல்லாம் உண்டு. ஏசி நல்ல நிலையில் வேலை செய்கிறது. ஏசியைக் கழற்றினால் கண்டென்சரும் போய்விடும், பாதிப் பிரச்சினை தீரும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மே மாதத்தில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகிறவருக்கு அது தீர்வே அல்ல.

வண்டி எங்கே சூடாகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் அருப்புக்கோட்டை தாண்டி எட்டயபுரம் பக்கம் நூறில் போகும்போது முள் ஏறினால் அது ஒரு நோய். எலியார்பத்தி சுங்கச்சாவடி வரிசையிலும் மண்டேலா நகர் சிக்னலிலும் ஏசியோடு நிற்கும்போது ஏறினால் அது வேறு நோய். ஓடும்போது ரேடியேட்டருக்குக் காற்றை வேகமே கொண்டுவந்து கொடுக்கிறது. அப்போதும் சூடேறினால் கோர் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் இறக்கை அரித்துப் போயிருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பையாகலாம், ஹெட் கேஸ்கெட்டே கசியலாம். நிற்கும்போது மட்டும் ஏறினால் பழி முழுவதும் ஃபேன் மேல். மாடிஃபை செய்த வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. ஆனால் சாமான் விற்கப்படுவதோ முதல் வகைக்கு.

கணக்கு இப்படி. எரிகிற பெட்ரோலின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வண்டியை ஓட்டுகிறது, அதே அளவு புகையோடு போகிறது, மீதியில் பெரும்பகுதி கூலன்ட்டுக்கு வருகிறது. 92 குதிரைத்திறன் என்பது சுமார் 68 கிலோவாட். அதை முழுதாகப் பிழிந்தால் ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தை ரேடியேட்டர் வெளியேற்றியாக வேண்டும். ஆனால் சமதளத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்க அதில் நாலில் ஒரு பங்கு திறன் போதும். எஞ்சினில் இருபது குதிரைத்திறன் கூட்டினாலும் சாலையில் அதைப் பயன்படுத்துவது முந்திச் செல்லும் சில விநாடிகளுக்குத்தான். அந்தச் சில விநாடிக்காகப் பெரிய ரேடியேட்டர் தேவைப்படாது. ரேஸ் தடத்தில் சுற்று சுற்றாக முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டுகிறவர் கதை வேறு.

ஆகவே முதல் செலவு ஒரு நல்ல வெப்பமானிக்கு. பல கார்களின் டேஷ்போர்டு முள், ஏறக்குறைய 80 டிகிரியிலிருந்து 105 வரை நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. ஓட்டுநர் பதறக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. முள் அசையத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். தனி சென்ஸாரோடு எண் காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்திய பிறகுதான் இந்த வண்டி என்ன செய்கிறது என்று தெரிந்தது: நெடுஞ்சாலையில் 92, 93. சுங்கச்சாவடி வரிசையில் ஏசியோடு 106 வரை. கூடவே கையடக்க இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்றும் வாங்கி வைத்தேன். அதைப் பளபளக்கும் அலுமினியத்தில் அடித்தால் பொய் சொல்லும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் தன் சூட்டைச் சரியாகக் கதிர்வீசாது. கறுப்பு ரப்பர் ஹோஸில் அடிக்க வேண்டும், அல்லது உலோகத்தில் கறுப்பு டேப் ஒட்டி அதில் அடிக்க வேண்டும். மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் உள்ள வித்தியாசம், கோர் முழுவதும் மேலிருந்து கீழ்வரை சூடு எப்படிப் பரவுகிறது என்பது, இரண்டையும் பார்த்தால் அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும். இந்த ரேடியேட்டரில் ஓர் ஓரம் மட்டும் குளிர்ந்து கிடந்தது. அங்கே தண்ணீர் ஓடவே இல்லை.

காரணம் போர் தண்ணீர். விருதுநகர் மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. வழியில் நின்று ஏதோ ஒரு பைப்பில் பிடித்து ஊற்றிய தண்ணீர், சூடாகிச் சூடாகிக் குழாய்க்குள் வெள்ளைப் படிவமாக உறைகிறது. இரும்போடு ஒப்பிட்டால் அந்தப் படிவம் வெப்பத்தைக் கடத்துவதே இல்லை எனலாம். முந்தைய உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் ஊற்றியது பிளாக்குக்குள்ளும் படிந்திருந்தது. ஃப்ளஷ் செய்தோம், தெளிந்த நீர் வரும்வரை திரும்பவும் செய்தோம். அடைத்துப்போன ரேடியேட்டருக்குப் பதில் கம்பெனி அளவிலேயே புதிய ஒன்று, அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும் உள்ளது, போட்டோம். உள்ளே ஊற்றியது மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, எனவே பாதிக்குப் பாதி கலக்கத் தேவையில்லை. கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் கூடக் கூடச் சூட்டைச் சுமக்கும் திறன் குறைகிறது. பாதிக் கலவையில் அந்த இழப்பு பத்து சதவீதத்தைத் தாண்டும். ஆனால் வெறும் தண்ணீரும் கூடாது, துருத் தடுப்பு அந்தக் கூலன்ட்டில்தான் இருக்கிறது. ரெடிமிக்ஸ் டப்பா வாங்கினால் அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்க வேண்டாம். இந்த ஒரு வேலைக்கே நெடுஞ்சாலை எண் 89-க்கு இறங்கியது. சூட்டைக் குறைப்பதாகச் சொல்லும் கூலன்ட் துணைத் திரவம் ஒன்றையும் ஊற்றிப் பார்த்தேன். மீட்டரில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

ராக்கம் எஞ்சினுக்கென்றே உள்ள பலவீனம் தெர்மோஸ்டாட் ஹவுசிங். பிளாஸ்டிக்கால் ஆனது. வருடங்கள் போகப் போக மொறுமொறுப்பாகி விரிசல் விடும், கசிவு எஞ்சின் சூட்டில் காய்ந்துபோய் வெளியே தெரியாது. கூலன்ட் மெல்லக் குறையும், ஒருநாள் மொத்தமாகக் கொட்டும். தென்னாப்பிரிக்காவில் இதற்கு அலுமினிய ஹவுசிங் தனியாகவே விற்கிறார்கள். இந்த வண்டிக்கும் அலுமினியத்தில் ஒன்று போட்டோம். வெப்பநிலையில் ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. ஆனாலும் நான் இதுவரை சொன்னவற்றிலும் இனிச் சொல்லப் போவதிலும் தயங்காமல் வாங்கச் சொல்வது இதைத்தான், ஏனென்றால் ராக்கம் ஹெட்டைக் காப்பாற்றுவது இதுதான். மஞ்சளாகிப் போன எக்ஸ்பான்ஷன் டேங்கையும் அதன் மூடியையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். அந்த மூடி குக்கர் வெயிட் மாதிரி. ஒரு பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால் உள்ளே தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் 100-ஐத் தாண்டியதும் கொதி. அதற்காக அதிக அழுத்த மூடியைப் போடவும் வேண்டாம், அந்த அழுத்தம் பழைய ஹோஸ்களையும் ஹீட்டர் கோரையும் தேடிப் பிடித்து உடைக்கும்.

அடுத்தது நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லோரும் சொல்வது.

"தெர்மோஸ்டாட்டு எதுக்குண்ணே நம்ம ஊரு வெயிலுக்கு? கழட்டிருவோம். ஃபேன டைரக்டா குடுத்துருவோம், சாவி போட்டதும் ஓடிக்கிட்டே கெடக்கும்."

இதை என்னிடம் சொன்ன மெக்கானிக் அனுபவமுள்ள கை, அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த ஆலோசனையை ஏற்க முடியவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் காலையில் நெடுஞ்சாலையில் 65, 70 டிகிரியிலேயே ஓடும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று அதன் கம்ப்யூட்டர் நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும், சிலிண்டர் சுவர் ஆயிலைக் கழுவும், தேய்மானம் கூடும். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடுவதும் அதுவேதான். அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவரும், வெயில் நேரத்தில் முன்பைவிட மோசமாகும். குறைந்த டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் வாங்குகிறவர்களும் உண்டு. தெர்மோஸ்டாட் முடிவு செய்வது எஞ்சின் எந்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை மட்டுமே. மேலே எவ்வளவு ஏறும் என்பதை ரேடியேட்டரும் காற்றும்தான் முடிவு செய்கின்றன. சுங்கச்சாவடி வரிசையில் 106 காட்டிய வண்டி, குறைந்த டிகிரித் தெர்மோஸ்டாட்டோடும் 106-தான் காட்டியது. கம்பெனி குறித்த டிகிரியிலேயே புதியதைப் போட்டு விட்டோம்.

அந்த 106-ஐ உண்மையில் இறக்கியவை இரண்டு. ஒன்று ஃபேன். பழைய மோட்டாரின் கார்பன் தேய்ந்து பாதி வேகத்தில்தான் சுழன்றது. புதிய ஃபேனைவிட அதைச் சுற்றியுள்ள கூடு முக்கியம். கூடு இல்லாமல் ரேடியேட்டரில் கட்டிவைக்கும் ஃபேன், தன் வட்டத்துக்கு நேரே உள்ள கோரில் மட்டும் காற்றை இழுக்கும். கூடு இருந்தால் முழுப் பரப்பும் வேலை செய்யும். பழைய கூடு உடைந்திருந்ததால் டின்கரிங் பட்டறையில் அலுமினியத் தகட்டில் ஒன்று செய்யச் சொல்லி, விளிம்பில் ரப்பர் பட்டை வைத்தோம். இரண்டாவது, முன்பக்கம். முந்தைய உரிமையாளர் மாட்டிய பாடி கிட் பம்பரில் கீழ் வாய் சிறியது, அதன் நடுவில் நம்பர் பிளேட், இரு பக்கமும் பெரிய விளக்குகள். பிளேட்டைச் சட்டப்படி தெரியும் இடத்திலேயே கொஞ்சம் மேலே ஏற்றி, விளக்குகளைக் கழற்றினோம். காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு தப்பிப் போகும் இடுக்குகளை ஃபோம் வைத்து அடைத்தோம். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பூச்சியும் கரிசல் புழுதியும் பஞ்சுத் தூசியும் கெட்டியாக ஒட்டியிருந்தன. இரண்டையும் பிரித்தால்தான் அது கண்ணில் படும். மெல்லிய நீர்ப்பாய்ச்சலில் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகக் கழுவினோம். பிரஷர் வாஷரை நேராக அடித்தால் ஃபின்கள் மடங்கிவிடும். இதெல்லாம் முடிந்தபின் அதே எலியார்பத்தி வரிசை, அதே மதிய வெயில், ஏசியோடு 98.

ஃபேனுக்கு வயரிங் செய்யும்போது மட்டும் ஒரு ரூபாயும் மிச்சம் பிடிக்கக் கூடாது. பெரிய ஃபேன் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்னோட்டம் சுழலும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், தரமான ரிலே, பாடியில் சுரண்டித் துடைத்த எர்த். ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றிய ஐகானை நான் பார்த்திருக்கிறேன். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் என்று பட்டாசுச் சரக்கு ஏற்றிய லாரிகளோடு சாலையைப் பகிர்ந்துகொள்கிற மாவட்டம் இது. பானெட்டுக்குள் வயர் உருகுவது இங்கே நம் வண்டியோடு முடிகிற விஷயம் அல்ல. அப்படிப்பட்ட லாரி அருகே வண்டி சூடாகி நின்றால், பானெட்டைத் திறக்கும் முன் தூரமாக ஒதுங்குங்கள்.

இனி அலுமினிய ரேடியேட்டர். செம்பு, அலுமினியத்தைவிட நன்றாக வெப்பம் கடத்தும் என்பது உண்மை. ஆனால் செம்பு ரேடியேட்டரில் குழாயையும் ஃபின்னையும் இணைப்பது ஈயப் பற்றவைப்பு, அது கடத்துவதில் மோசம். அலுமினியத்தில் அகலமான குழாயைப் பற்றவைத்து இணைக்க முடிகிறது, எடையும் குறைவு. ஆனால் ஓட்டை விழுந்தால் செம்புக்கு மதுரையில் எந்த ரேடியேட்டர் கடையிலும் வைத்தியம் உண்டு, அலுமினியத்துக்கு டிக் வெல்டிங் தெரிந்தவரைத் தேட வேண்டும். சோதனைக்கு மாட்டிய இரண்டு வரிசைக் கோர், சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏசியோடு ஏறும்போது நன்றாக வேலை செய்தது. பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டரோடு 101 வரை ஏறியது, இதில் 95-ஐத் தாண்டவில்லை. சுங்கச்சாவடி வரிசையிலோ 98 அப்படியே 98. தடித்த கோரை ஊடுருவிக் காற்றை இழுக்க ஃபேன் கூடுதலாகத் திணற வேண்டியிருந்தது. மூன்று வரிசைக் கோர் வாங்க நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். ஆறு டிகிரிக்காக அந்த விலை கொடுக்கலாமா என்றால், வாரம் தவறாமல் மலையேறுகிறவர் கொடுக்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் புதிய வாட்டர் பம்ப், பெல்ட், எல்லா ஹோஸ்களும், நல்ல கிளிப்புகளும் வாங்கி மீதியைக் கையில் வைத்துக்கொள்ளலாம். சிலிகான் ஹோஸ் உழைக்கும், ஆனால் சூட்டைக் குறைக்காது. எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் இந்த எஞ்சினுக்குத் தேவையே இல்லை.

கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ தடத்தில் இறக்கப் போகிறவர்களுக்கு ரேடியேட்டரும் வேண்டும், ஆயில் கூலரும் வேண்டியிருக்கலாம். அதையும் முதலில் ஆயில் வெப்பமானி மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. ஆயில் 130 டிகிரியைத் தாண்டி அங்கேயே நின்றால் கூலர் வாங்கலாம். அதிலும் சூடானபின் மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள பிளேட்டோடு வாங்க வேண்டும், இல்லையென்றால் காலை ஓட்டத்தில் ஆயில் சூடாகவே ஆகாது. இந்த வண்டியில் சிறுமலை ஏற்றத்திலும் ஆயில் 115-ஐத் தொடவில்லை, அதனால் கூலர் வாங்கவில்லை.