நிபந்தனை எச்சமும் அசைக் கணக்கும்: மலையகப் பாடல்களை முன்வைத்து ஒரு குறிப்பு

யாப்பு வெறும் ஓசைக் கணக்கு. அதற்கும் வர்க்கத்துக்கும் தொடர்பில்லை என்னும் கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. சிறியதொரு வினைவடிவத்தைக் கொண்டு இக்கருத்தைச் சோதித்தல் பயனுடைத்து.

ஒப்பீட்டுக்கு இத்தாலிய மொழியை நோக்கலாம். அங்கு 'பார்லெரேமொ' என்பது 'பேசுவோம்' என எதிர்காலத்தைக் குறிக்கும். 'பார்லெரெம்மொ' என்பது நிபந்தனைக்குட்பட்ட பேச்சைக் குறிக்கும். இரண்டிலும் அழுத்தம் ஈற்றயல் அசையிலேயே விழுகிறது. மகரம் இரட்டித்தலே பொருளை வேறுபடுத்துகிறது. ஓர் ஒற்றை நீக்கின் நிபந்தனையே மறைந்துவிடும்.

தமிழின் நிலை வேறு. இங்கு அழுத்தம் சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை. குறில், நெடில், ஒற்று என்பனவற்றைக் கொண்டே அசை கணிக்கப்படுகிறது. தொல்காப்பியர் கூறும் 'செயின்' என்னும் வாய்பாட்டில் அமைந்த 'வரின்' தனியொரு நிரையசை. பின்னர்ப் பெருவழக்கான 'வந்தால்', வந்-தால் என நேர்நேராகித் தேமாவாகும். பேச்சில் ஈற்று லகரம் கெட்டு 'வந்தா' என நிற்பினும், நெடில் தனித்தும் ஒற்றடுத்தும் நேரசையே ஆதலின் அதுவும் தேமாவே.

இவ்விலக்கணச் செய்தி மலையகத்தில் சமுதாயப் பொருள் பெறுகின்றது. 1867இல் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து விரிவடைந்த தோட்ட அமைப்பில் நிபந்தனை என்பது கூலியோடு பிணைந்ததாகும். கொழுந்தின் நிறை 'குறைஞ்சா' கிடைப்பது அரைப்பேர், அதாவது அரைநாட் கூலி. இவ்வாழ்வின் குரலைப் பேணிய தொகுப்புகளுள் சி. வி. வேலுப்பிள்ளையின் (1914-1984) 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' முதன்மையானது.

இத்தகைய பாடலொன்றைப் பதிப்பிப்பவர் 'குறைஞ்சா' என்பதைக் 'குறைந்தால்' எனத் திருத்துவாராயின் நேர்வது யாது? இரண்டும் நிரைநேர், புளிமா. சீரும் சிதையாது, தளையும் தட்டாது. ஆயின் பேச்சின் தடம் அழிகின்றது. பாடுவோர் நீட்டி இசைத்தற்கு இடந்தந்த திறந்த ஆகாரமும் ஒற்றினால் அடைபடுகின்றது. திருத்தம் நிகழ்ந்தமைக்கு யாப்புச் சாட்சி கூறாது. அதன் மௌனம் எழுதுகோலைக் கையிற் கொண்டோர்க்கே துணையாகின்றது.

எனினும் இவ்வாறு கூறுவது பாதி உண்மையே. உழைக்கும் மக்களின் பேச்சு மரபுவழி ஓசைக்குள் ஊறின்றிப் புகுந்தமைக்கும் இதே நெகிழ்ச்சியே காரணம் என்பது மனங்கொள்ளத்தக்கது. முரண்பாட்டின் இவ்விரு கூறுகளையும் சேர்த்து நோக்குதலே இயங்கியல் அணுகுமுறையாகும். ஆகவே, அசை பொருந்துகிறது என்பதனாலேயே ஒரு பாடம் உண்மையானது என அமைதலாகாது. பாடியவர் வாயிற் பிறந்த ஒலியை உள்ளவாறே பதிவு செய்தல் ஆய்வாளரின் முதற் கடனாகும்.