ஊரே முதலாளி: பிரின்ஸ் ஆல்பர்ட் ரெய்டர்ஸ்

எனக்குப் பிடித்த டீமுக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. கோடீஸ்வரர் கிடையாது, கம்பெனி கிடையாது, பரம்பரையாக நடத்தும் குடும்பமும் கிடையாது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் சுமார் 37,000 பேர் வாழும் பிரின்ஸ் ஆல்பர்ட் என்ற ஊர்தான் அதற்குச் சொந்தக்காரர். டீமின் பெயர் ரெய்டர்ஸ். பதினாறு முதல் இருபது வயது வரையுள்ள பையன்கள் ஆடும் ஜூனியர் ஐஸ் ஹாக்கி. இந்த ஊரில் குடியிருப்பதற்கு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பரிசு எது என்று கேட்டால், யோசிக்காமல் ரெய்டர்ஸ் என்றுதான் சொல்வேன்.

ஊரைப் பற்றி முதலில் கொஞ்சம். சாஸ்கடூன் நகரத்திலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் வடக்கு சஸ்காட்செவன் ஆற்றங்கரையில் வருகிறது. கோதுமை வயல்கள் முடிந்து காடு தொடங்கும் எல்லை. லோரியே, மெக்கன்சி கிங், டீஃபன்பேக்கர் என்று மூன்று பிரதமர்களை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்த பெருமை இந்தப் பகுதிக்கு உண்டு. ஆனால் பெட்ரோல் பங்கிலோ காபிக் கடையிலோ யாரும் அதைப் பேசி நான் கேட்டதில்லை. அங்கே பேச்செல்லாம் நேற்றிரவு கோலி, அதாவது கோல்கீப்பர், எப்படி ஆடினான் என்பதுதான்.

ஜனவரி மாதம் வெளியே மைனஸ் 30 டிகிரி இருக்கும். என்ஜின் உறைந்துபோகாமலிருக்க காரை மின்சாரத்தில் செருகி வைத்திருப்போம். அந்தக் குளிரில் கனத்த கோட்டுக்கு மேல் பச்சையும் தங்கமும் கலந்த ஜெர்சியை இழுத்து மாட்டிக்கொண்டு, தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஆர்ட் ஹௌசர் சென்டருக்குக் கிளம்புகிறார்கள். மூவாயிரம் பேர் வந்தால் மூச்சு முட்டும் அளவுக்குச் சின்ன அரங்கம். அதுதான் அதன் அழகே. எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் மடிமேல் நடப்பதுபோல இருக்கும். ஸ்கேட்டின் இரும்பு பனியைக் கீறுவது கேட்கும். பையன்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்கும். பக் என்பது ஒரு அங்குல கனமும் மூன்று அங்குல விட்டமும் உள்ள கறுப்பு ரப்பர் வில்லை. துள்ளாமல் வழுக்கிப் போகவேண்டும் என்று அதை உறைய வைத்தே களத்துக்குக் கொண்டு வருகிறார்கள். பக்கத்தில் அது பலகையில் மோதும்போது எழும் அந்த 'டப்' சத்தம், நெஞ்சுக்குள் எங்கேயோ போய் அடிக்கும். டிவியில் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சுகம் கிடைக்கவே கிடைக்காது.

ரெய்டர்ஸ் பிறந்தது 1971இல். அப்போது அவர்கள் ஆடியது சஸ்காட்செவன் மாகாணத்து ஜூனியர் ஏ லீக். டெர்ரி சிம்ப்சன் என்ற பயிற்சியாளரின் கையில் டீம் வந்த பிறகு நடந்ததெல்லாம் நம்ப முடியாத வளர்ச்சி. ஜூனியர் ஏ பிரிவில் நாட்டுக்கே சாம்பியன் யார் என்று முடிவு செய்வது சென்டென்னியல் கப். அதை 1977, 1979, 1981, 1982 என்று நான்கு முறை இந்தச் சின்ன ஊர் தூக்கியது. ஆறே ஆண்டுகளில் நான்கு தேசியக் கோப்பை! டொராண்டோவும் மாண்ட்ரியலும் இருக்கிற நாட்டில்!

வேறு யாராக இருந்தாலும் அதோடு நிம்மதியாக இருந்திருப்பார்கள். இவர்கள் 1982இல் துணிந்து ஒருபடி மேலே ஏறி, மேற்கு ஹாக்கி லீக்கில் சேர்ந்தார்கள். என்எச்எல் என்ற பெரிய தொழில்முறை லீக்கின் கனவோடு வரும் பையன்கள் ஆடுகிற, பெரிய நகரங்கள் நிறைந்த லீக் அது. முதல் சீசனில் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. வென்றதைவிடத் தோற்றதே மிக அதிகம். ஆனால் மூன்றாவது சீசனில், 1985இல், அதே சிம்ப்சனின் பயிற்சியில் லீக் சாம்பியன். அதோடும் நிற்கவில்லை. மெமோரியல் கப் இருக்கிறதே, முதல் உலகப் போரில் உயிர்விட்ட வீரர்களின் நினைவாக 1919இல் தொடங்கிய அந்தக் கோப்பை, கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளுக்கும் பொதுவான உச்சி. கியூபெக் மாகாணத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் உள்ளூர் டீமான ஷாவினிகனை 6-1 என்று அடித்து அதை வாங்கினார்கள். டான் ஹாட்ஜ்சன் அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர். இன்றைக்கும் அந்த வருடத்து டீமின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் பெரியவர்கள் எங்கள் அரங்கில் இருக்கிறார்கள். இடைவேளையில் அவர்கள் பக்கத்தில் போய் நின்றால் போதும், 1985 அங்கேயே மறுபடி நடக்கும்.

சரி, ஊர் ஒரு டீமை எப்படி வைத்துக்கொள்கிறது? லாப நோக்கமில்லாத அமைப்பு இது. சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும்; லாபமா நஷ்டமா என்பது மறுநாள் ஊருக்கே தெரியும். சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் ப்ளே ஆஃபில் எத்தனை ஆட்டம் சொந்த அரங்கில் கிடைத்தது என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறிப்போகும். லாபம் வந்தால் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, அது மறுபடி டீமுக்கே போகிறது. நஷ்டம் வந்தால் கையைப் பிசைந்துகொண்டு உட்காராமல் அடுத்த நிதி திரட்டலுக்குக் கிளம்புகிறார்கள். இடைவேளையில் ஃபிஃப்டி ஃபிஃப்டி சீட்டு விற்றுக்கொண்டு படிக்கட்டில் ஏறி இறங்குபவர் பகலில் வேறு எங்கோ வேலை பார்க்கிறவர். அந்தச் சீட்டில் சேரும் பணத்தில் பாதி, பரிசு விழுந்தவருக்கு. மீதிப் பாதி நல்ல காரியத்துக்கு. நான் வாங்கிய சீட்டுக்கு இதுவரை பரிசு விழுந்ததில்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் வாங்குவேன். ஊர்கூடித் தேர் இழுக்கும்போது வடத்தில் நம் கையும் இருக்கவேண்டும் அல்லவா!

இது சஸ்காட்செவனின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். 1920களில் இந்த மாகாணத்துக் கோதுமை விவசாயிகள் வியாபாரிகளை நம்பாமல் தாங்களே கூட்டுறவு அமைத்து விளைச்சலை விற்றார்கள். எல்லோருக்குமான அரசு மருத்துவக் காப்பீட்டை வட அமெரிக்காவில் முதன்முதலாக 1962இல் கொண்டுவந்ததும் இதே மாகாணம். இங்குள்ள பெரிய கனடிய ஃபுட்பால் டீமான ரஃப்ரைடர்ஸும் மக்களுக்குச் சொந்தமானதுதான். பொதுவில் வைத்து, சேர்ந்து நடத்துவது எப்படி என்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இன்னொன்று. வெளியூரிலிருந்து வரும் பையன்கள் விடுதியில் தங்குவதில்லை. ஊர்க்காரர்களின் வீடுகளில் தங்குகிறார்கள். பில்லெட் குடும்பம் என்பார்கள். பதினாறு வயதுப் பையன் அம்மா அப்பாவை விட்டுவிட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வருகிறான். இங்கே ஒரு பில்லெட் அம்மா அவனுக்குச் சமைத்துப் போடுகிறார், பரீட்சைக்குப் படித்தாயா என்று கேட்கிறார். தெரிந்த ஒருவர் வீட்டுச் சமையலறையை நான் பார்த்திருக்கிறேன். ஃப்ரிட்ஜ் கதவில் சீசன் அட்டவணை, அதன் ஓரத்தில் பஸ் கிளம்பும் நேரம் பேனாவில் எழுதியிருக்கும். அடுப்பில் பெரிய பாத்திரம் நிறையப் பாஸ்தா. ஆட்டத்துக்கு முன் மத்தியானம் அதைத்தான் சாப்பிடுவான், சாப்பிட்டதும் ஒரு தூக்கம், அதைக் கலைக்கக் கூடாது என்று வீட்டில் டிவி சத்தம்கூடக் குறைந்துவிடும். சாயங்காலம் அதே பையன் களத்தில் இறங்கும்போது அந்த அம்மா கைதட்டுவதைப் பார்க்கவேண்டும்! லீக்கில் ஆடும் ஒவ்வொரு சீசனுக்கும் ஓராண்டு மேற்படிப்புக் கட்டணம் உதவித்தொகையாகக் கிடைக்கும் என்பதும் இந்த ஏற்பாட்டின் பகுதி. ஹாக்கியில் பெரிய ஆளாக வராவிட்டாலும் அவன் வாழ்க்கை வீணாகாது.

பெரிய ஆளாக வந்தவர்களும் கொஞ்சம் பேரல்ல. மிச்சிகனிலிருந்து வந்த மைக் மொடானோ, இளம் ஆட்டக்காரர்களை என்எச்எல் டீம்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1988இல் முதல் ஆளாகத் தேர்வானார். அதற்குப் பிறகும் அவர் இன்னொரு சீசன் இதே சின்ன அரங்கில் வந்து ஆடினார். 2011இல் ஓய்வு பெற்றபோது அமெரிக்காவில் பிறந்த என்எச்எல் ஆட்டக்காரர்களில் அதிக கோல் அடித்தவர் அவர்தான், 561 கோல். 1996இல் கிறிஸ் ஃபிலிப்ஸ், அவரும் முதல் தேர்வு. அப்புறம் ஜெர்மனியின் கொலோன் நகரத்திலிருந்து 2012இல் வந்த லியோன் டிரைசைட்ல்! 2013-14 சீசனில் 64 ஆட்டங்களில் 105 புள்ளிகள், அதாவது கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து. 2020இல் என்எச்எல்லின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் டிராஃபி அவருக்குப் போனது. உலகமே கொண்டாடும் ஆட்டக்காரர் ஒரு காலத்தில் எங்கள் ஊர் மளிகைக்கடையில் வரிசையில் நின்றிருப்பார் என்று நினைத்தாலே எனக்குப் பெருமை தாங்காது.

ஆனால் 1985க்குப் பிறகு கோப்பை வரவில்லை. பத்து ஆண்டு, இருபது, முப்பது என்று போய்க்கொண்டே இருந்தது. இங்கேதான் சொந்தக்காரர் யார் என்பது தெரிகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிரான்புரூக் என்ற ஊரைப் பாருங்கள். அங்கே ஆடிய கூட்டனே ஐஸ் 2002இல் மெமோரியல் கப்பே வாங்கிய டீம். தனியாருக்குச் சொந்தம். கூட்டம் குறைந்தது, 2019இல் டீமை வின்னிபெக்குக்கு மாற்றினார்கள். நான்கே ஆண்டுகளில் அங்கிருந்தும் பெயர்த்து அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். கிரான்புரூக்கில் ஜெர்சி வாங்கி வைத்திருந்த குழந்தைகளை நினைத்தால் மனம் கனக்கிறது. எங்கள் டீம் 34 ஆண்டுகள் கோப்பை இல்லாமல் இருந்தது, ஆனால் ஒரு நாள்கூட ஊரைவிட்டுப் போகவில்லை. காத்திருக்கத் தயாராக இருக்கும் ஒரே முதலாளி, ஊர்தான்.

காத்திருப்புக்குப் பலனும் வந்தது. 2018-19 சீசனில் மார்க் ஹாப்ஷைட் பயிற்சியில் லீக்கிலேயே அதிக வெற்றி. இறுதித் தொடரில் வான்கூவர் ஜயன்ட்ஸ். 3-1 என்று முன்னிலை வகித்தோம், அவர்கள் இரண்டு ஆட்டம் அடுத்தடுத்து வென்று 3-3 ஆக்கிவிட்டார்கள். ஏழாவது ஆட்டம், மே 13, எங்கள் அரங்கில். மூன்று பீரியட் முடிந்தும் 2-2. ஓவர்டைம். முதல் கோல் யார் அடிக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. நான் நின்று பார்க்கும் பகுதியில் கூட்டத்தோடு கூட்டமாக நெருக்கிக்கொண்டிருந்தேன். பக் எங்கள் கோலி இயன் ஸ்காட்டின் பக்கம் போகும்போதெல்லாம் முன்னால் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு டான்டே ஹனூன் அடித்தார். உள்ளே! பச்சைச் சட்டைகள் பலகையைத் தாண்டிக் குதித்தன. முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், நானும் அழுதேன். 34 வருடம் சார், 34 வருடம்! அப்புறம் ஹாலிஃபாக்ஸில் நடந்த மெமோரியல் கப் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அந்த இரவின் மதிப்பு துளியும் குறையவில்லை.

2021இல் கொரோனா சமயம் சஸ்காட்செவன், மானிடோபா டீம்கள் ஏழும் ரெஜைனாவில் ஒரே இடத்தில் தங்கி, பார்வையாளர் இல்லாமல் ஆளுக்கு 24 ஆட்டம் ஆடின. டிக்கெட் வருமானமே இல்லாத சீசன். அதையும் தாண்டி வந்தோம்.

இதே லீக்கில் இதே மாகாணத்தில் இன்னும் இரண்டு ஊர்களுக்குச் சொந்த டீம் உண்டு. ஸ்விஃப்ட் கரன்ட் 1986 டிசம்பரில் பஸ் விபத்தில் நான்கு பையன்களைப் பறிகொடுத்த ஊர். 1989இல் மெமோரியல் கப்பை வென்று எழுந்து நின்றது. மூஸ் ஜாவுக்கு டீம் வந்தது 1984இல், முதல் லீக் கோப்பை வந்தது 2024இல். நாற்பது வருடம்! அன்றைக்கு நாங்களும் அவர்களுக்காகக் கைதட்டினோம். போட்டி ஊர்தான், ஆனால் ஊருக்குச் சொந்தமான டீமைக் காப்பாற்றுவது என்றால் என்ன என்று எங்களைப் போலவே தெரிந்தவர்கள்.

கனடாவில் உங்களுக்குச் சொந்தபந்தம் இருந்து இந்தப் பக்கம் வர வாய்த்தால், செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை எந்த வாரக்கடைசியானாலும் சரி, என்எச்எல் டிக்கெட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள், கையுறை மறக்காதீர்கள். கோலிக்குப் பின்னால் மூலையில் உட்காருங்கள். கண்ணாடியில் பையன்கள் மோதும்போது இருக்கையே அதிரும். விதி எதுவும் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், அவர் மகிழ்ச்சியோடு முழு ஆட்டமும் விளக்குவார். அவரும் முதலாளிகளில் ஒருவர்தானே!