சாதகமும் கடிகாரமும்: 1996–2006 காலத்து வன்னிப் பிறப்புகளின் நேரக் கணக்கு

தமிழில் சாதகக் கணிதத்தின் நுட்பம் பற்றிய விவாதம் நெடுங்காலமாக வாக்கியமா, திருக்கணிதமா என்ற வினாவைச் சுற்றியே நடந்து வந்துள்ளது. கிரக நிலைகளைக் கணிக்கும் முறைக்குக் கிடைத்த கவனம், பிறந்த நேரம் எந்தக் கடிகாரத்தில் பார்க்கப்பட்டது என்ற கேள்விக்குக் கிடைக்கவில்லை. இது ஏட்டளவில் நின்றுவிடும் குறையன்று. 1996க்கும் 2006க்கும் இடையில் வன்னியில் பிறந்தவர்களுள் பலர் இன்று மணவயதை அடைந்துள்ளனர். கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவர்களுக்குக் கணினியில் எழுதப்படும் குறிப்புகளில் இக்குறை நேரே புகுந்துவிடுகிறது.

பழைய முறையில் பிறந்த நேரம் உதயாதி நாழிகையாகவே எழுதப்பட்டது. அவ்வூரில் ஞாயிறு எழுந்ததிலிருந்து எண்ணப்படும் நாழிகைக்கு அரசாணை தேவையில்லை. அரசு நேரத்தை மாற்றினாலும் அது மாறாது. கடிகார நேரம் அவ்வாறானதன்று. கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னிருந்த இலங்கை நேரம், மின்சார நெருக்கடியை முன்னிட்டு 1996 மே 25 இல் ஆறரை மணியாக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அது ஆறு மணியாகக் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15 இல் மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பியது.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் இம்மாற்றம் ஏற்கப்படவில்லை. அங்குப் பழைய நேரமே வழங்கியது. இதனால் ஒரே தீவில், ஒரே கணத்தில், இரு கடிகாரங்கள் முதலில் ஒரு மணியும், 1996 ஒக்டோபருக்குப் பின் அரைமணியும் வேறுபட்டு ஓடின. எல்லையும் நிலையானதாக இருக்கவில்லை. கிளிநொச்சி நகர் 1996 செப்டெம்பரில் அரச படையினர் வசமாகி, 1998 செப்டெம்பரில் மீண்டும் புலிகள் வசமானது. புலிகளின் பகுதியிலும் அரச மருத்துவமனைகளும் செயலகங்களும் தொடர்ந்து இயங்கின. ஆகவே ஊரின் பெயரை மட்டும் கொண்டு, மருத்துவமனை ஏட்டிலோ குடும்பத்தாரின் குறிப்பிலோ உள்ள மணி எந்த நேரம் என்று முடிவுகட்ட இயலாது.

அரைமணி என்பது ஒன்றேகால் நாழிகை. அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். 1999 சித்திரை நடுப்பகுதியில் முல்லைத்தீவில் காலை 7.10 மணிக்குப் பெண் குழந்தை ஒன்று பிறந்ததாகக் குறிப்பு இருப்பதாகக் கொள்வோம். அந்த மணி பழைய நேரமாயின் இடப இலக்கினம் அமையும். புதிய நேரமாயின் உண்மையான பிறப்பு அரைமணி முந்தியது. அப்போது மேட இலக்கினமே அமையும். அந்நாட்களில் செவ்வாய் துலாத்தில் நின்றது. மேடத்திலிருந்து எண்ணினால் அது ஏழாமிடம். செவ்வாய்க் குற்றம் என்பர். இடபத்திலிருந்து எண்ணினால் ஆறாமிடம். இலக்கினவழிக் குற்றம் இல்லை. விலக்கு விதிகள் பின்னர் ஆராயப்படலாம். ஆயினும் பொருத்தம் பார்ப்பவர் முதற் பார்வையிலேயே அக்குறிப்பைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். திசை இருப்பும் மாறும்: சந்திரனின் சராசரி வேகப்படி, இருபது ஆண்டுச் சுக்கிர திசையில் அரைமணிக்கு ஏறத்தாழ ஐந்து மாதம் வேறுபாடு வரும்.

உலகக் கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் நேரவலயத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு ‘ஆசியா/கொழும்பு’ என்ற ஒரே பதிவுதான் உண்டு. அதைச் சார்ந்த சோதிட மென்பொருள், முல்லைத்தீவு என்று ஊரைத் தந்தாலும் கொழும்பின் நேரத்தையே எடுத்துக்கொள்ளும். பின்னர் இலக்கினத்தைப் பாகை, கலை, விகலை என அச்சிடும். ஒரு பாகை உதயமாக ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும். அக்கணக்கில் ஒரு விகலை ஒரு செக்கனின் பதினைந்தில் ஒரு பங்கு. அரைமணி ஐயம் உள்ள நேரத்துக்கு இத்தகைய நுட்பம் பொருளற்றது. வாசிப்பவருக்குப் பொய்யான உறுதியையே அது தருகிறது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பிறந்த பிள்ளைக்குக் கோடைகால நேரமா என்று தவறாது கேட்கும் சோதிடர், வன்னியில் பிறந்தவருக்கு எந்த நேரம் என்று கேட்பது அரிது.

வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கொண்டு பிறந்த நேரத்தைத் திருத்தலாம் என்பது சோதிடர் தரப்பு விடை. பலனைக் கொண்டு நேரத்தைத் தீர்மானித்து, அந்த நேரத்தைக் கொண்டு பலன் சொல்வது வட்டமாகச் சுற்றும் வாதமே. மேலும், மணப்பேச்சுத் தொடங்கும் இளையோருக்கு ஒப்பிடத்தக்க நிகழ்ச்சிகளும் மிகச் சிலவே.

செய்யத்தக்கவை எளியவை. நேரத்தைக் குறித்தவர் யார், எங்கே குறித்தார், பழைய நேரமா புதிய நேரமா என்ற மூன்றும் குறிப்பில் எழுதப்பட வேண்டும். விடிந்து எவ்வளவு நேரம் என்ற தாயின் அல்லது பேர்த்தியின் நினைவு, உதயாதி நாழிகைக்குரிய சான்றாக ஏற்கப்பட வேண்டும். தெளிவு கிடைக்காதவிடத்து இரு இலக்கினங்களையும் எழுதி, ஐயத்தை வெளிப்படையாகக் கூறுவதே நேர்மை. எந்த ஊரில் எந்த ஆண்டில் எந்த நேரம் வழங்கியது என்பதை, நினைவுள்ளோர் இருக்கும்போதே தொகுத்து வைப்பது தமிழாய்வாளரின் கடமை.

சோதிடம் மெய்யா பொய்யா என்பது வேறு வினா. அதை நம்பாதவர் வீட்டுப் பெண்ணின் மணப்பேச்சும் ஒரு குறிப்பால் நின்றுபோகலாம். போரினால் இரண்டான நேரத்தை ஒன்றெனக் கொண்டு எழுதிய குறிப்பு அதற்குக் காரணமாகிவிடக் கூடாது.