விசைப்பலகையும் எழுத்திலக்கணமும்

தமிழ் வகுப்பிற்குள் கணினி புகுந்து ஆண்டுகள் பலவாயின. சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டில் மாணவர் கற்றல் தளம் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. 2021ஆம் ஆண்டின் முடிவிற்குள் உயர்நிலைப்பள்ளி மாணாக்கர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கற்றல் கருவி வந்து சேர்ந்தது. ஆகவே, கருவி வேண்டுமா வேண்டாவா என்னும் வழக்கு முடிந்துவிட்டது. முடியாத வழக்கு ஒன்று உண்டு. மாணவன் அக்கருவியில் தமிழை எவ்வெழுத்தால் எழுதுகிறான் என்பதே அது. நம் ஆசிரியர் பெருமக்களுள் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. படம் வந்ததா, ஒலி வந்ததா, பிள்ளைகள் மகிழ்ந்தார்களா என்று பார்ப்பவர்கள், விரல் எந்த விசையில் விழுகிறது என்று பார்ப்பதில்லை.

இன்று வகுப்பறைகளில் வழங்கும் தட்டச்சு முறைகளுள் இரண்டை ஈண்டு ஒப்பிட்டு நோக்குவோம். ஒன்று, ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் எழுத்தைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறை. மற்றொன்று, தமிழ் எழுத்தையே தட்டும் ‘தமிழ் 99’ முறை. இவ்விரண்டனுள் முன்னதே பெருவழக்காக இருக்கிறது. எளிது என்பதே அதற்குக் கூறப்படும் காரணம்.

எளிமை என்னும் காரணத்தை இகழ்ந்து தள்ளுதல் நேர்மையாகாது. சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளருள் தமிழை வீட்டில் மிகுதியும் பேசுவோர் 2010ஆம் ஆண்டில் நூற்றுக்கு 3.3 பேர், 2020ஆம் ஆண்டுக் கணக்கில் அது 2.5 ஆகியது. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு உயர்ந்தது. இத்தகைய வீடுகளிலிருந்து வரும் பிள்ளைக்கு ஆங்கில விசைகள் முன்பே பழக்கம். ‘அம்மா’ என்று எழுத ஏ, எம், எம், ஏ, ஏ என்று தட்டினால் போதும் என்றால், முதல் நாளே அவன் ஒரு வரி எழுதிவிடுவான். அந்த மகிழ்ச்சியைக் கண்ட ஆசிரியர் அம்முறையைப் போற்றுவதில் வியப்பில்லை.

ஆனால் இரண்டாம் வாரம் என்ன நேர்கிறது? வலி, வளி, வழி என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒலிபெயர்ப்பு முறையில் முதலாவதற்குச் சிறிய எல், இரண்டாவதற்குப் பெரிய எல், மூன்றாவதற்கு இசட். மனம், மணம் என்பவற்றுள் ஒன்றற்குச் சிறிய என், மற்றொன்றற்குப் பெரிய என். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து எதற்கு வரும்? வாக்கியத்தின் தொடக்கத்திற்கும் பெயருக்கும் வரும். ஒலியை வேறுபடுத்த அது வருவதில்லை. அம்மொழியில் நன்கு பயின்ற பிள்ளை, சொல்லின் நடுவே பெரிய எழுத்தைக் கண்டு திகைக்கிறான். பின்பு ணகரத்திற்குப் ‘பெரிய ன’ என்றும் ளகரத்திற்குப் ‘பெரிய ல’ என்றும் தானே பெயர் வைத்துக்கொள்கிறான். நாவை வளைத்து மேலண்ணத்தைத் தொட வேண்டிய எழுத்து அவனுக்கு உருவத்தில் பெருத்த எழுத்தாகிவிடுகிறது!

இனி, சொற்பட்டியல் காட்டும் கருவிகள் உள. எதையோ ஏறக்குறையத் தட்டினால் ஐந்தாறு சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றைத் தொட்டால் போதும். அவசரச் செய்தி அனுப்பும் பெரியவர்களுக்கு இது பேருதவி; அதனை மறுப்பாரில்லை. கற்கும் பிள்ளைக்கோ, எழுதும் வேலை போய்த் தேர்ந்தெடுக்கும் வேலை வந்துவிடுகிறது. ‘பள்ளி’, ‘பல்லி’ இரண்டும் எதிரே நிற்கும்போது தொட்டது சரியாக இருந்தால், அவனுக்கு எழுத்துத் தெரிந்ததா, அதிர்ஷ்டம் இருந்ததா என்று எந்த ஆசிரியரால் கூற இயலும்? பேசப்பேச எழுதித்தரும் பொறியைப் பற்றியும் இதையே சொல்லலாம். பேச்சுப் பயிற்சிக்கு அது நன்று, எழுத்துப் பயிற்சி ஆகாது.

இப்பொழுது தமிழ் 99 முறையை நோக்குவோம். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி ஆக முப்பத்தொரு விசைகளில் தமிழ் நெடுங்கணக்கு முழுவதும் அடங்குகிறது. ஆய்தத்திற்கும் கிரந்த எழுத்துகளுக்கும் மட்டுமே மேல்விசை வேண்டும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். நடுவரிசையில் அ, இ, உ, எ என்னும் குறில்கள் உள்ளன. அவற்றை அடுத்த மேல்வரிசையில் ஆ, ஈ, ஊ, ஏ என்னும் நெடில்கள். குறிலும் நெடிலும் இணை என்பதைக் கரும்பலகையில் கோடிட்டுக் காட்டும் ஆசிரியர், அதனை விரல்நுனியில் வைத்துக் காட்ட இதைவிட வேறு கருவி வேண்டுமா?

மெய்களின் அமைப்பு இதனினும் சிறந்தது. டகரத்தின் அருகே ணகரம். றகரத்தின் அருகே னகரம். தகரத்தின் அருகே நகரம். பகரத்தை அடுத்து மகரம், சகரத்தை அடுத்து ஞகரம். நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பெயரிட்டு ஓதியது இந்த இனவுறவைத்தான். விசைப்பலகை அதனை அறிந்திருக்கிறது. ணகரத்தைத் தட்டி டகரத்தைத் தட்டினால் இடையே புள்ளி தானே விழும், ‘ண்ட’ என்றாகும். ந, த என்றால் ‘ந்த’. ங, க என்றால் ‘ங்க’. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் ‘க்க’, ‘ப்ப’, ‘ம்ம’ என இரட்டிக்கும். ‘தந்தை’ என்று எழுத நான்கே தட்டுகள்: த, ந, த, ஐ. மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிப்பது உயிர்மெய் என்று தொல்காப்பியம் வகுத்த முறை இங்கே அப்படியே நடக்கிறது.

பழைய தட்டச்சுப் பொறியில் இது நடக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிற்கு வந்து தொழில் புரிந்த இரா. முத்தையா அப்பொறிக்கு விசைப்பலகை அமைத்தது அருஞ்செயல். எனினும் இரும்புப் பொறி கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் அடிக்கும். ஆகையால் ‘கெ’ என்பதற்குக் கொம்பை முதலில் அடித்துப் பின்னரே ககரத்தை அடிக்க வேண்டியிருந்தது. காதின் வரிசைக்கு விரல் திரும்பியது கணினியில்தான்.

ஒரு சிறு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். தமிழ் 99 முறையில் ‘மமதை’ என்று எழுதப் புகுந்தால் ‘ம்மதை’ என்று வந்து நிற்கும். இரண்டு மகரங்களுக்கும் நடுவே அகரத்தை வெளிப்படையாகத் தட்டினால்தான் சரியாகும். இதனை முறையின் குறை என்பர் சிலர். ‘ம’ என்னும் எழுத்திற்குள் அகரம் ஒளிந்திருக்கிறது என்பதை ஒரு நாழிகை விளக்கியும் புரியாத பிள்ளைக்கு, இந்த ஒரு சொல் விளக்கிவிடும். ஆசிரியர் வேண்டுமென்றே இச்சொல்லைக் கொடுத்துத் தவறு வரட்டும் என்று காத்திருக்கலாம்.

இம்முறை வானத்திலிருந்து விழுந்ததன்று; இம்மண்ணுக்கும் அதில் பங்கு உண்டு. 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாட்டின் தொடர்ச்சியாக 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் விளைவே தமிழ் 99. அதற்கு முன்பே, தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்த நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்னும் மென்பொருளை ஆக்கி, 1995ஆம் ஆண்டிலேயே தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றினார். அவர் கதாசிரியர், பொறியியல் வல்லுநர் அல்லர். வகுப்பில் நின்றவர் கண்ட தேவை அது. மலேசியரான முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’ ஒலிபெயர்ப்பு முறையையும் தமிழ் 99ஐயும் ஒருங்கே தந்தது. ஆக, செய்தவர்மேல் குறையில்லை. இரண்டு வழிகளையும் திறந்து வைத்தார்கள். நாம் குறுக்கு வழியையே பிள்ளைகளுக்குக் காட்டினோம்.

தமிழ் 99க்கு எதிராக உரைக்கப்படுவனவற்றுள் வலுவுடையது ஒன்றே. மாணவர் கருவிகளின் விசைகளில் தமிழெழுத்துப் பொறிக்கப்படவில்லை. மனப்பாடம் செய்ய நேரம் வேண்டும். உண்மை. ஆனால் தொடுதிரையில் இத்தடையே இல்லை. எழுத்துகள் திரையிலேயே தோன்றும். மற்றக் கருவிகளுக்கு ஒட்டுத்தாள் போதும். பாடவேளையில் பத்து மணித்துளி ஒதுக்கி, முதல் வாரம் குறில் நெடில், அடுத்த வாரம் இன எழுத்து, அதற்கடுத்து இரட்டிப்பு என்று விசைப்பலகையையே எழுத்திலக்கணப் பாடமாக நடத்தலாம். தட்டச்சுக்கென்று தனி நேரம் தேட வேண்டியதில்லை. எழுத்தறியும் முன்பே இதனைத் தொடங்குதல் கூடாது. கையால் எழுதி உருவம் பதிந்த பிறகு, தொடக்கநிலை மூன்றிலோ நான்கிலோ தொடங்குவது தகும்.

ஆசிரியர்களே ஒலிபெயர்ப்பில் தட்டுகிறார்களே, அவர்கள் எங்ஙனம் இதனைக் கற்பிப்பார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. முப்பத்தொரு விசைகளைப் பழகுதல், நன்னூல் எழுத்ததிகாரத்தை நெட்டுருச் செய்து தேறியவர்களுக்கு ஒரு விடுமுறைக்கால வேலை. அடுத்த ஜூன் விடுமுறையில் தொடங்கினால் மூன்றாம் பருவத்திற்குள் விரல் பழகிவிடும்.