கோக்கோவைப் பரப்பியது யார்?

சாக்லெட்டின் மூலப்பொருளான கோக்கோ, கானா நாட்டுக்கு வந்த வரலாற்றைப் பொது அறிவு நூல்கள் நான்கு வரிகளில் முடித்துவிடும். டெட்டே குவார்ஷி என்னும் கொல்லர் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து சில காய்களைக் கொண்டு வந்து, 1879-இல் மாம்பாங் என்னும் ஊரில் நட்டார். பிரிட்டிஷ் அரசு 1890-இல் அபூரியில் தாவரத் தோட்டம் அமைத்து நாற்றுகளை வழங்கியது. மக்கள் பயிரிட்டனர், நாடு செழித்தது.

அப்போது அந்தக் காலனிக்குக் கோல்டு கோஸ்ட் என்று பெயர். 1891-இல் அது ஏற்றுமதி செய்த கோக்கோ 80 இராத்தல். 1911-இல் ஏறத்தாழ 40,000 டன். உலகிலேயே மிக அதிகம். இடையில் இருபதே ஆண்டுகள்! நட்டபின் காய்க்கவே ஐந்தாறு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் மரம் அது. ஒரு கொல்லரும் ஓர் அரசுத் தோட்டமும் மட்டும் இதைச் சாதித்திருக்க முடியுமா?

இக்கேள்வியை எழுப்பி விடையும் தேடிய நூல், பாலி ஹில் எழுதிய 'தென் கானாவின் இடம்பெயர் கோக்கோ உழவர்கள்'. 1963-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. தசை சுருங்கும்போது வெளிப்படும் மிகச் சிறு வெப்பத்தை அளந்து நோபல் பரிசு பெற்ற ஏ. வி. ஹில்லின் மகள் இவர். அளக்காத எதையும் நம்ப மறுக்கும் குணம் தந்தையிடமிருந்து வந்ததோ என்னவோ, நூல் முழுவதும் அது தெரிகிறது. அலுவலக அறிக்கைகளை நம்பி அவர் எழுதவில்லை. ஊர் ஊராகச் சென்று, எந்த நிலத்தை யார், எப்போது, யாருடன் சேர்ந்து வாங்கினார் என்று கேட்டுக் குறித்திருக்கிறார்.

அவர் கண்ட முதல் உண்மை: கோக்கோவைப் பெருக்கியவர்கள் தம் வீட்டுக் கொல்லையில் நான்கு மரம் வைத்த குடியானவர்கள் அல்லர். அக்வாபிம் மலைத்தொடரிலும் அதன் அக்கம்பக்கத்திலும் வாழ்ந்த உழவர்கள், பனை எண்ணெய், ரப்பர் வாணிபத்தில் சேர்த்த பணத்துடன் 1890-களிலிருந்தே டென்சு ஆற்றைக் கடந்து மேற்கே சென்றனர். மக்கள் அடர்த்தி குறைந்த அகிம் அபுவாக்வா காடுகளை அங்குள்ள தலைவர்களிடம் விலைக்கு வாங்கினர். ஒருவரால் வாங்க முடியாத பரப்பைப் பலர் பணம் திரட்டி வாங்கினர். இக்குழுக்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கம்பெனி'.

வாங்கிய நிலத்தைப் பிரித்த விதம்தான் நூலின் மிகச் சுவையான பகுதி. பெரும்பாலும் ஓர் ஓடையையோ பாதையையோ அடிக்கோடாகக் கொள்வார்கள். அதன்மேல் கயிறு பிடித்து, அவரவர் கொடுத்த பணத்தின் விகிதத்தில் அகலத்தை அளந்து விடுவார்கள். கயிற்றின் நீளத்துக்கு அலகு, இரு கைகளையும் விரித்தால் வரும் அளவு. அடிக்கோட்டிலிருந்து ஒவ்வொருவர் பங்கும் நாடாபோல எதிர் எல்லை வரை நேராக ஓடும். நம் ஊரில் பாகம் பிரிக்கும்போது எல்லாருக்கும் வாய்க்கால் முகப்பு கிடைக்கும்படி பார்ப்பார்கள் அல்லவா? அதே நியாயம். பள்ளமும் மேடும் எல்லார் பங்கிலும் வரும். ஒவ்வொருவரும் தம் முகப்பில் தொடங்கிக் காட்டை வெட்டிக்கொண்டே முன்னேறலாம். தந்தைவழி உரிமை உள்ள மக்களிடம்தான் இந்தக் கம்பெனி முறை இருந்தது. தாய்வழி உரிமை உள்ள அக்கான் மக்கள் குடும்பமாக நிலம் வாங்கினர். அவர்களுடைய நில வரைபடம் நாடாக்களாக இல்லாமல் ஒட்டுத்துணிபோல இருக்கும். வரைபடத்தைப் பார்த்தே உரிமை முறையைச் சொல்லிவிடலாம் என்பது, வாசிக்கும்போது எனக்கு நல்ல சோதனை முடிவு ஒன்றைக் கண்ட மகிழ்ச்சியைத் தந்தது.

அப்படியானால் அரசு நாற்றுப்பண்ணைக்குப் பங்கே இல்லையா? உண்டு. இங்கே தாவரவியல் கொஞ்சம் தேவை. நூலில் அதற்கு இடம் குறைவு. நெல்லைக் காயவைத்துக் குதிரில் போட்டால் அடுத்த பருவத்துக்கு விதையாகும். கோக்கோ விதை காய்ந்தால் செத்துவிடும். அதைக் காயோடு கொண்டுபோய் விரைவில் விதைக்க வேண்டும். அல்லது நாற்றாகக் கொண்டுபோக வேண்டும். 1850-களின் இறுதியில் பாசெல் மிஷனார் அக்ரோபாங்கில் முயன்று பெரும்பாலும் தோற்றனர். ஆளுநர் கிரிஃபித் 1886-இல் சாவோ டோமே தீவிலிருந்து காய்களை வரவழைத்தார். இப்படிப்பட்ட பயிருக்கு நாற்றுப்பண்ணை பெரிய உதவிதான். ஆனால் முதல் மரங்கள் காய்த்த பின்னர் நிலைமை மாறிவிட்டது. அங்குப் பரவிய அமெலனாடோ என்னும் வகை தன் மகரந்தத்தாலேயே கருவுறக் கூடியது. தனி மரமும் காய்க்கும். அதன் விதையும் ஏறக்குறைய தாயைப் போலவே முளைக்கும். பக்கத்து உழவரிடம் காய் வாங்கி வாழை நிழலில் ஊன்றினால் போதும். ஒவ்வொரு தோப்பும் அடுத்த தோப்புக்கு நாற்றுப்பண்ணை ஆயிற்று.

அதிகாரிகள் இதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. மரங்களை நெருக்கி நடுகிறார்கள், பராமரிப்பதில்லை என்று குறை கூறினர். நெருக்கி நட்டால் இலைக்கூரை விரைவில் மூடும், கீழே களை முளைக்காது, கூலி மிஞ்சும். வேளாண் நிபுணர்களின் அறிவுரைகளையும் உழவர்களின் வழக்கங்களையும் ஒப்பிட்டு கிரீன், ஹைமர் என்னும் இருவர் 1966-இல் எழுதிய கட்டுரையை இந்நூலுடன் சேர்த்துப் படிப்பது நல்லது. பல இடங்களில் உழவர் பக்கமே நியாயம் இருந்தது அதில் தெரியவரும்.

1920-களின் இறுதியில் வேளாண் துறை கூட்டுறவுச் சங்கங்களைத் தொடங்கியது. விதையை நன்றாகப் புளிக்கவைத்து உலர்த்தித் தரத்தை உயர்த்துவது நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் கூடிச் செயல்படும் பழக்கம் இல்லாத மக்களுக்கு அதைக் கற்றுக்கொடுப்பதாக ஒரு தொனி அதில் இருந்தது. சேர்ந்து காடு வாங்கி, ஆற்றுக்குப் பாலம்கூடத் தம் செலவில் கட்டியவர்கள் அவர்கள்! 1937-இல் ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்து கொள்முதல் விலையைக் கட்டுப்படுத்த முயன்றபோது, 1938 வரை கோக்கோவை விற்காமல் நிறுத்திவைத்தவர்களும் இந்த உழவர்களே. அதை விசாரிக்க நோவெல் குழு அனுப்பப்பட்டது.

எனினும் கம்பெனியைக் கூட்டுறவு என்று மயங்கிவிடக் கூடாது. நிலம் வாங்கிப் பிரித்ததோடு அதன் வேலை முடிந்தது. உழவும் அறுவடையும் இலாபமும் அவரவருக்கு. ஹில் இதில் தெளிவாக இருக்கிறார்; துணைத்தலைப்பிலேயே 'கிராம முதலாளியம்' என்கிறார். என் குறை அங்கேதான் தொடங்குகிறது. முதலாளி என்றால் தொழிலாளியும் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டவர்களையும், வடக்கிலிருந்து கூலிக்கு வந்தவர்களையும் பற்றி நூல் சொல்வது எனக்குப் போதவில்லை. நில உரிமையாளரிடம் காட்டிய பொறுமையை அவர்களிடமும் காட்டியிருக்கலாம். இன்னொன்று, நூல் எளிதில் ஓடாது. ஊர்ப் பெயரும் வம்சப் பெயரும் நிலப் பதிவும் அடுக்கடுக்காக வரும். மாணவர்கள் வரைபடங்களை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பாடத்துக்குள் செல்லலாம். பின்னாளில் கர்நாடகக் கிராமங்களில் தங்கி ஆய்ந்து இவர் எழுதிய நூல் 1982-இல் வந்தது. அதையும் தேடிப் படிக்கலாம்.

அந்த வரைபடங்களைப் பற்றி ஒரு செய்தி. அவற்றை வேளாண் துறை வரைந்தது உழவர்களின் சாதனையைப் பதிவு செய்வதற்காக அன்று. 1936-இல் தண்டு வீக்க நோய் கண்டறியப்பட்டது. மாவுப்பூச்சி பரப்பும் வைரஸ் நோய் அது; மருந்து இல்லை, நோய்கண்ட மரத்தை வெட்டுவது ஒன்றே வழி. எல்லாத் தோப்பிலும் ஏறக்குறைய ஒரே மரம் இருந்ததால், நோய்க்கு எளிதில் இரையாயிற்று. எந்தத் தோப்பு யாருடையது என்று தெரிந்தால்தானே வெட்ட முடியும்? அதற்காகக் காடெங்கும் அளந்தார்கள். வெட்டுவதற்காக வரைந்த அந்தத் தாள்களில்தான் பாலி ஹில் நாடா நாடாவாக ஓடிய கம்பெனி நிலங்களைக் கண்டார்.