செபம் கற்றலும் தமிழ் மரபும்

லூக்கா எழுதிய நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில், இயேசு ஓரிடத்தில் செபம் செய்து முடித்தபின் சீடருள் ஒருவர் அவரை அணுகித் தங்களுக்கும் செபிக்கக் கற்பிக்குமாறு வேண்டுகிறார். அவ்வேண்டுகோளுக்கு விடையாகப் பிறந்ததே 'கர்த்தர் கற்பித்த செபம்' என்றும் 'பரமண்டல செபம்' என்றும் வழங்கும் சிறு மன்றாட்டு. செபம் உள்ளத்தினின்று தானே ஊற்றெடுப்பது என்பது பலர் எண்ணம். அச்சீடரோ அதனைக் கற்க வேண்டிய ஒன்றாகக் கருதினார். அவருடைய ஆசிரியரும் அக்கருத்தை மறுத்திலர். ஆகவே, கிறித்தவ நெறியில் செபம் முதற்கண் ஒரு பாடம் என்பது தெளிவு.

அப்பாடம் தமிழ் நாட்டில் எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் இலக்கிய வரலாறுகள் கிறித்தவச் செப நூல்களை அச்சுக்கலை வரலாற்றிலும் உரைநடை வளர்ச்சியிலும் ஓரிரு வரிகளிற் குறிப்பிட்டு அமைகின்றன. அச்சேறிய ஆண்டும் பக்க அளவும் கூறப்படுகின்றன. அந்நூல்கள் எதனைச் செய்ய முற்பட்டன, அதனைச் செய்தனவா என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. செப நூலின் நோக்கம் கற்பவன் தன் வாயால் தன் குறையைத் தன் இறைவனிடம் சொல்லச் செய்தல். அந்நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டே அதனை மதிப்பிடல் வேண்டும் என்பது நம் கருத்து.

பிரான்சிசு சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். அவர் தமிழறியாதவர். இருமொழி அறிந்தோர் சிலரைத் துணைக்கொண்டு செபங்களையும் விசுவாச அறிக்கையையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஈராண்டிற்குள் ஒரு பிழை வெளிப்பட்டது. 1544இல் தம் துணைவரான மன்சிலாசுக்கு எழுதிய மடலில், விசுவாச அறிக்கையில் வரும் 'எனக்கு வேணும்' என்பதிலுள்ள 'வேணும்' என்னும் சொல்லை நீக்கி 'விசுவாசம்' என்னும் சொல்லை அமைக்குமாறு அவர் பணிக்கிறார். முன்னையது விரும்புதலைக் குறிக்கும்; கருதிய பொருளோ நம்புதல். கிறித்துவின் பாடுகளைக் கூறுமிடத்து வன்முறைப் பொருள் தரும் சொல் ஒன்றையும் விலக்கச் சொல்கிறார். அவர் வலிந்து துன்புறுத்தப்பட்டவர் அல்லர், தாமே உவந்து துன்பத்தை ஏற்றவர் என்பது காரணம்.

இச்செய்தியைப் பிறமொழியாளர் ஒருவரின் தடுமாற்றம் என்று நகைத்து விடுதல் எளிது. ஆயினும் ஆராய்வார்க்கு இதன்கண் ஓர் உண்மை புலனாகும். 'வேண்டு' என்னும் வினை தமிழில் விரும்புதலையும் இரத்தலையும் ஒருங்கே உணர்த்துவது. விசுவாச அறிக்கையில் பொருந்தாத அச்சொல் மன்றாட்டிற்கு மிகப் பொருந்துவது. அறிக்கையில் மனிதன் உறுதி கூறுகிறான்; செபத்தில் கேட்கிறான். பிழை சொல்லில் இல்லை; அது நின்ற இடத்தில் இருந்தது. இக்காலத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் செபத்தை 'இறைவேண்டல்' என வழங்குவதை நோக்க, ஓரிடத்தினின்று நீக்கப்பட்ட வினை தனக்குரிய இடத்தில் அமர்ந்திருத்தல் விளங்கும்.

சவேரியாருக்குப் பின் வந்த நூல்களுட் பலவும் இம்மனப்பாட முறையையே பின்பற்றின. 1554இல் லிசுபன் நகரில் தமிழை உரோமன் எழுத்தில் அச்சிட்டு வெளிவந்த சிறு நூலும், 1578இல் அன்றீக்கு அடிகளார் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலும் செபம் சொல்லிக்கொடுக்க எழுந்தனவே. மறு ஆண்டில் கொச்சியில் வெளிவந்த 'கிரீசித்தியானி வணக்கம்' வினாவிடை வடிவில் ஒரு படி மேற்சென்றது. மனப்பாடம் இழிந்த முறை அன்று; திண்ணைப் பள்ளியில் நிகண்டும் நீதிநூலும் அவ்வாறே கற்கப்பட்டன. ஆயினும் மனப்பாடம் சொல்லைத் தரும். அச்சொல்லை யாரிடம், யாராக நின்று சொல்கிறோம் என்னும் உணர்வைத் தானே தாராது. அவ்வுணர்வைத் தமிழ் மாணவனுக்குத் தந்தது நூலாசிரியரினும் தமிழ் இலக்கணமே என்று சொல்லத் தோன்றுகிறது. மூன்று இடங்களை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, தன்மைப் பன்மை. கிரேக்கம், இலத்தீன், போர்த்துக்கேயம், செருமானியம் ஆகிய மொழிகளில் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழிலோ முன்னிலையாரை உளப்படுத்தும் 'நாம்' வேறு. உளப்படுத்தாத 'நாங்கள்' வேறு. தந்தையை விளிக்கும் முதல் அடியிலேயே மொழிபெயர்ப்பாளர் ஒன்றனைத் தெரிந்துகொள்ள நேர்ந்தது. அவர் தெரிந்துகொண்டது 'எங்கள்' என்பது. அதனால், கேட்போர் ஒரு பக்கமும் கேட்கப்படுபவர் மறுபக்கமும் நிற்கின்றனர் என்பது மூலமொழியினும் தமிழில் தெளிவாயிற்று. வாய்ச்செபம் செய்யப் பழகுவோர் இடையே 'நம்முடைய' என நழுவுதலைக் காணலாம். அந்நொடியில் அவர் இறைவனை விட்டுச் சபையாரை நோக்கித் திரும்பிவிடுகின்றனர்; மன்றாட்டு சொற்பொழிவாகிறது.

இரண்டாவது, இரத்தற் சொல். ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள் 'ஈ' இழிந்தோன் கூற்று, 'தா' ஒப்போன் கூற்று, 'கொடு' உயர்ந்தோன் கூற்று எனத் தொல்காப்பியம் சொல்லதிகாரம் வரையறுக்கும். பிற்கால வழக்கில் இவ்வரையறை தளர்ந்தது உண்மையே. எனினும் அன்றாட உணவை வேண்டும் இடத்தில் தமிழ்ச் செபம் கொண்ட வடிவம் 'தாரும்' என்பது. பகுதி ஒப்போர்க்குரியது, விகுதி உயர்ந்தோரை மதிப்பது. லூக்கா நற்செய்தியில் இச்செபத்தை அடுத்து இரு விளக்கங்கள் உள்ளன: நள்ளிரவில் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி அப்பம் கேட்பவன் ஒருவன், தந்தையிடம் உணவு கேட்கும் மகன் மற்றொருவன். ஒருவன் ஒப்போனாக நின்று கேட்கிறான்; மற்றவன் தாழ நின்று கேட்கிறான். இவ்விரு உறவும் ஒரு சொல்லில் அடங்கிய அமைப்பை மொழிபெயர்ப்பாளர் திட்டமிட்டுச் செய்தார் என நாம் கூறவில்லை. மொழி அதற்கு இடந்தந்தது.

மூன்றாவது, முன்னிலைச் சொல். தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் இறைவனைப் பெரும்பாலும் 'நீ' என விளிக்கும். தம்பிரான் தோழராகிய சுந்தரர் சில பதிகங்களில் 'நீர்' என்பார். கிறித்தவச் செபம் 'நீர்', 'உமது' என்பவற்றையே நிலையாகக் கொண்டது. இன்று ஒரு சிறுவன் தன் தந்தையை 'நீங்கள்' என்பான். தோழனை 'நீ' என்பான். 'நீர்' என்பதை அவன் செபத்திலேயே முதலிற் பயில்கிறான். அன்றாடப் பேச்சிற்குப் புறம்பான ஓர் இடப்பெயர் இறைவனுக்கென ஒதுக்கப்பட்டது போலாயிற்று. இது மதிப்பைக் காத்தது; ஓரளவு நெருக்கத்தைக் குறைத்தது என்றும் சொல்லலாம்.

இனித் தஞ்சை நாட்டை நோக்குவோம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் வழியாக லூத்தரின் சிறிய ஞானோபதேசம் தமிழ் பெற்றது. 1529இல் எழுந்த அந்நூல், செபத்தின் ஒவ்வொரு வேண்டுகோளையும் எடுத்து அதன் பொருள் யாது என வினவி விடை கூறும். அன்றாட உணவு என்பதில் வயல், கால்நடை, நல்ல பருவம், நல்ல அண்டை அயலார் எல்லாம் அடங்கும் என்பது அதன் விளக்கம். மேட்டூர் அணை எழுவதற்கு முன்னர், ஆற்றில் வரும் புதுவெள்ளத்தையே நம்பி நாற்றுவிட்ட காவிரிப் படுகை உழவனுக்கு இவ்விளக்கம் அயலாகத் தோன்றியிராது. மனப்பாடத்தோடு பொருளுணர்வும் சேர்ந்தது இவ்வழியே.

இக்கல்வி தஞ்சை நகரோடு நின்றுவிடவில்லை. ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தை நிறுவிய சரபோசி மன்னர் (ஆட்சி 1798–1832), அவ்வூரை அடுத்த கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறித்தவக் குழந்தைகள் ஐம்பதின்மரைப் பேணிக் கற்பிக்கும் அறநிலையம் ஒன்றையும் நடத்தினார் என மிசனரிமார் குறிப்புகள் கூறுகின்றன. தம் சமயத்தை விடாத மன்னர், தம் ஆசானாகிய சுவார்ட்சு ஐயரின் நினைவைப் போற்றியவாறு அது. சத்திரத்தில் உண்டியும் பல மொழிக் கல்வியும், அதனை அடுத்த சிற்றூரில் கிறித்தவப் பிள்ளைகளுக்குக் கல்வியும் ஒரே அரசின் கொடையால் நிகழ்ந்தன.

அதே சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்தவரே தஞ்சை வேதநாயகம் சாத்திரியார் (1774–1864). நெல்லையிற் பிறந்து, பன்னிரண்டு வயதளவில் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டவர். ஞானோபதேசம் சொல்லைத் தந்தது, பொருளையும் தந்தது. அச்சொல்லுக்குக் குரல் தந்தவர் சாத்திரியார். குறவஞ்சி, நாடகம், கீர்த்தனை எனத் தம் காலத்துச் செவிகள் பழகிய வடிவங்களை அவர் கையாண்டார். சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடிய அதே தஞ்சையில் பெத்தலகேம் குறவஞ்சி எழுந்தது. சிங்கன் பறவை பிடிக்க வீசும் வலை, அங்கு ஆன்மாக்களைப் பிடிக்கும் நற்செய்தி வலையாகிறது. பாடல்களை இசையோடு கூடிய காலட்சேபமாக அவர் நிகழ்த்தினார். கீர்த்தனையில் பல்லவி மீண்டும் மீண்டும் வரும். எழுத்தறியாதாரும் இரண்டாம் முறை உடன்பாடுவர். மனப்பாடத்தின் பயன் முழுவதும் கிட்ட, அதன் வறட்சி நீங்குகிறது. செபம் கற்பித்தலில் இதுவே தஞ்சையின் தனிப்பங்கு என்று நாம் கருதுகின்றோம்.

ஆயின் சாத்திரியாரை முழுதும் புகழ்ந்து முடித்தல் திறனாய்வு ஆகாது. இரேனியுசு ஐயர் விவிலியத் தமிழைத் திருத்த முற்பட்டபோது சாத்திரியார் கடுமையாக எதிர்த்தார். தலைமுறைகள் நாவிற் பழகிய புனிதச் சொல்லை ஒருவர் எளிதில் மாற்றலாகாது என்னும் அவர் உணர்வு மதிக்கத்தக்கது. ஆனால் சவேரியாரின் மடல் மறுபக்கத்தைக் காட்டுகிறது: பொருளைக் கெடுக்கும் சொல் எத்துணைப் பழகினும் திருத்தற்குரியது. பொருள் கெடுமிடத்துத் திருத்துக. நடை மெருகிற்காக மட்டும் திருத்த விரைதல் வேண்டா என்பது இரண்டனையும் இணைக்கும் நெறியாகலாம்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. தஞ்சைத் திருச்சபையில் சாதிவாரியாக வேறு வேறு இடங்களில் அமரும் வழக்கம் இருந்தது. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க ஆணையிட்டபோது சாத்திரியார் அவ்வழக்கத்தின் பக்கம் நின்றார். பிறநாட்டார் தம் வாழ்முறையைக் கட்டளையால் மாற்றுதலை அவர் வெறுத்தார் என்று காரணம் காட்டுவர். அக்காரணத்தை ஏற்பினும் செபத்தின் முதற்சொல் அவருக்கு எதிராகவே நிற்கிறது. 'எங்கள்' என்னும் சொல் இலக்கணப்படி விலக்குவது முன்னிலையாராகிய இறைவன் ஒருவரையே. உடன் நிற்பார் ஒருவரையும் அன்று. பிரிந்தமர்ந்தோர் ஒரே குரலில் அச்சொல்லைச் சொன்னபோது, அதன் பொருளைப் பாதியளவே கற்றிருந்தனர். பாட்டால் ஆயிரம் நாவுகளைச் செபிக்கப் பழக்கிய புலவர், அவ்வொரு சொல்லின் எல்லையை விரிக்கத் தவறினார். கிறித்தவத் தமிழ் இலக்கியத்தை ஆராய்வோர் அவர் கவித்திறத்தைப் போற்றுங்கால் இதனை மறைத்தல் முறையன்று.

இறுதியாக, இக்கால வழக்கினின்று ஒரு சான்று காட்டலாம். தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் பெரும்பாலும் 1871ஆம் ஆண்டின் விவிலியத் திருப்புதலின் சொற்களைப் போற்றி வருகின்றனர். கத்தோலிக்கர் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பின் தமிழை ஏற்றுள்ளனர். ஒன்றில் பிதா, நாமம், ராஜ்யம், சித்தம், ஆகாரம். மற்றொன்றில் தந்தை, பெயர், ஆட்சி, திருவுளம், உணவு. தனித்தமிழ் உணர்வு வளர்ந்த நூற்றாண்டின் தடம் இவற்றில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இரண்டனையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின் 'எங்கள்' மாறவில்லை, இறைவனைக் குறிக்கும் 'உம்' என்னும் அடி மாறவில்லை, 'தாரும்' மாறவில்லை. பெயர்ச்சொற்கள் காலத்திற்கேற்ப வந்தும் போயும் நிற்க, பேசுவோர் யார், கேட்போர் யார், எவ்வாறு கேட்பது என்பவற்றை உணர்த்தும் சொற்கள் நிலைபெற்றன. செபம் கற்றல் என்பது தமிழ் மாணவனுக்கு இச்சிறு சொற்களைக் கற்றலே ஆகும். அவற்றுள் 'எங்கள்' என்பதே முதற் பாடம். அதுவே கடினமான பாடம். அதனை எந்த நூல், எந்தப் பாடல், எந்தச் சபை எவ்வளவு கற்பித்தது என வினவி ஆராய்தல் இத்துறையில் இனிப் புகும் மாணவர்தம் கடன்.