காலப்பயணமும் மொழியின் காலமும்: 'டைம்லைன்', 'ஆயிரத்தில் ஒருவன்' திரைப்படங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

இடைக்காலத்திற்குள் இக்கால மாந்தரை அனுப்பும் கதைகள் ஒரு மொழிச் சிக்கலை எதிர்கொண்டே ஆகவேண்டும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவனோடு இன்றைய மனிதன் எம்மொழியில் உரையாடுவான் என்பதே அச்சிக்கல். மைக்கேல் கிரைட்டன் 1999இல் எழுதிய புதினத்தைத் தழுவி ரிச்சர்ட் டானர் இயக்கிய 'டைம்லைன்' (2003), செல்வராகவன் இயக்கிய 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) ஆகிய இரு திரைப்படங்களும் இச்சிக்கலைக் கையாண்ட முறையை ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயந்திரம் தரும் இடைக்காலம்

'டைம்லைன்' படத்தில் தொல்லியல் மாணவர்கள் தம் பேராசிரியரை மீட்க 1357ஆம் ஆண்டுப் பிரான்சு நாட்டிற்குச் செல்கின்றனர். அது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத நூறாண்டுப் போரின் காலம். புதினத்தில் காதினுள் பொருத்திய கருவி பழைய மொழிகளைப் பெயர்த்துரைக்கிறது. திரைப்படமோ இடைக்கால ஆங்கிலேயரை இக்கால ஆங்கிலத்திலேயே பேசவைத்துச் சிக்கலைக் கடந்துவிடுகிறது. பிரெஞ்சு மொழி அறிந்த மாணவன் கொல்லப்படும் காட்சியில் மட்டும் மொழி உயிர்ப்பகையாக உருக்கொள்கிறது. அங்கும் ஆங்கிலம், பிரெஞ்சு என்னும் இரு இனத்தாரின் வேற்றுமையே பேசப்படுகிறது. காலத்தின் வேற்றுமை பேசப்படவில்லை.

இயந்திரம் இல்லாக் காலப்பயணம்

'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் கால இயந்திரம் இல்லை. 1279இல் பாண்டியரிடம் நாடிழந்த சோழர் தம் இளவரசனை மக்களோடு கடல்கடந்து அனுப்புகின்றனர். அவர்தம் வழியினர் வியட்நாம் அருகே ஒரு தீவில், தஞ்சைக்கு மீட்டுச் செல்லும் தூதுவனை எதிர்நோக்கி வாழ்கின்றனர். இடத்தின் தொலைவே காலத்தின் தொலைவாகிறது. சுமைதூக்குவோர் தலைவனான முத்துவின் பேச்சும் சோழ மன்னனின் பேச்சும் ஒரே மொழியாயினும் ஒன்றல்ல. மன்னன் பேசுவது பார்வையாளருக்குப் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் நிற்கிறது. இந்த அரைவிளக்கமே காலத்தொலைவின் மெய்யான அனுபவம் எனலாம். இவ்வகையில் தமிழ்ப்படம் ஆங்கிலப்படத்தை விஞ்சுகிறது.

உறைந்த மொழி என்னும் கற்பிதம்

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. சோழர் பேசுவதாகக் காட்டப்படும் மொழி, பேச்சுமொழியன்று. செய்யுள் வழக்கைச் சார்ந்து புனைந்த புலவர் மொழி. சோழர் காலக் கல்வெட்டுகளோ வேறுசான்று பகர்கின்றன. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் 'கொடுத்த' என்பது 'குடுத்த' என்றே பொறிக்கப்பட்டுள்ளது. இன்று முத்து போன்றோர் வாயில் வழங்கும் வடிவம் அன்றே அரசன் பெயரால் கல்லில் ஏறியுள்ளது. பழமை என்றாலே செம்மை என்று கொள்ளும் நம் வழக்கத்தைப் படமும் ஏற்றுக்கொண்டுள்ளது.

மேலும், பிரிந்து சென்ற இனத்தாரின் மொழி உறைந்து நிற்பதில்லை. யாழ்ப்பாணத் தமிழ் 'உது', 'உவன்' என்னும் பழைய உகரச் சுட்டைப் போற்றிக் காத்துள்ளது. அதே மொழி 'கதிரை', 'அலுமாரி' எனப் போர்த்துக்கீசியச் சொற்களையும் ஏற்றுள்ளது. காத்தலும் மாறுதலும் உடன் நிகழ்வன.

பாலக்காட்டு எல்லை ஊரான கோவிந்தாபுரம் போன்ற இடங்களில் இதனைக் கண்கூடாகக் காணலாம். தமிழன் 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தேன்' எனப் பால், இடம் காட்டும் விகுதியோடு கூறுவதை, மலையாளி 'வந்நு' என்னும் ஒரே வடிவால் கூறுவான். இருவரும் ஒரே கடைவீதியில் நின்று, ஒருவர் கூறுவதை மற்றவர் உணர்ந்துகொள்கின்றனர். கேரள வழக்கைச் சோழ பாண்டிய வழக்கினின்று வேறுபடுத்திக் காட்டும் 'லீலாதிலகம்' பதினான்காம் நூற்றாண்டைச் சார்ந்தது; அதாவது 'டைம்லைன்' மாணவர்கள் சென்றடைந்த அதே நூற்றாண்டு. பிரிந்த மொழிகள் இரண்டும் தத்தம் வழியில் வளர்ந்திருக்க, தீவுச் சோழரின் தமிழ் மட்டும் வளராமல் நின்றது எங்ஙனம்?

இரு முடிவுகள்

'டைம்லைன்' நாயகருள் ஒருவனான மாரெக் இடைக்காலத்திலேயே தங்கி, தான் விரும்பிய பெண்ணை மணக்கிறான். தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்த கல்லறை அவனுடையதே என்பது பின்னர்த் தெரியவருகிறது. அங்குக் கடந்தகாலம் குடியேறத்தக்க இடம். தமிழ்ப்படத்தில் அதற்கு வழியில்லை. ஒரே மொழி பேசுவோரே படையோடு வந்து அம்மக்களை அழிக்கின்றனர். இளவரசனை மட்டும் முத்து மீட்டுச் செல்கிறான். படம் வெளிவந்ததற்கு முந்தைய ஆண்டில் ஈழத்தில் நிகழ்ந்த பேரழிவோடு இக்காட்சிகளை இணைத்துப் பலர் நோக்கியதற்கு இதுவே காரணம்.

முடிவுரை

மொழியைக் காலத்தின் அளவுகோலாக்கியது 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தின் தனிச்சிறப்பு. அம்மொழியை மாறாததாகக் கற்பித்தது அதன் குறை. மீட்கப்பட்ட இளவரசன் இனி முத்துவின் தமிழைக் கேட்டே வளர்வான். 'குடுத்த' என்னும் சொல்லை அவன் அவ்வாயிலிருந்து கேட்கும்போது, அது தன் முன்னோர் கல்லில் பொறித்த சொல்லே என அறிவானாயின், மன்னனின் அரங்கத் தமிழைவிட அச்சொல்லே அவனைத் தஞ்சைக்கு அணுக்கமாக்கும். இடைக்காலத்தைத் திரையில் படைக்க முற்படுவோர் இலக்கியங்களோடு கல்வெட்டுகளையும் எல்லைப்புற வழக்குகளையும் கற்பது இன்றியமையாதது.